சப்வூஃபர் வாங்கியாயிற்று, எங்கே வைப்பது?

தமிழ்நாட்டு வீடுகளில் சப்வூஃபருக்கு இடம் பார்ப்பது காது இல்லை, கண்தான். டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த சந்து, சோபாவின் முதுகுப்புறம், ஷோகேஸின் கீழ்த்தட்டு, ஜன்னலோர மூலை என்று பெட்டி எங்கே அடங்குகிறதோ அங்கே குடியேறிவிடுகிறது. கடையிலிருந்து வரும் ஊழியர் வயரைச் செருகி, ஒரு குத்துப்பாட்டை ஓடவிட்டு, ஜன்னல் கண்ணாடி அதிர்வதைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அன்று வைத்த இடத்தில் அந்தப் பெட்டி பல வருடம் அசையாமல் இருக்கிறது.

ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கொட்டி வாங்கும் ஹோம் தியேட்டர் அந்த விலைக்குரிய ஒலியைத் தராமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் பின்பக்கத்து வயர்களில் இருக்கிறது. இரண்டையும் சரிசெய்யப் பணம் தேவையில்லை. பெட்டியை நகர்த்தவும், வயரைச் சரியான துளையில் மாட்டவும், ரிமோட்டில் நாலைந்து அமைப்புகளை மாற்றவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஆனால் கடைகள் அங்குலத்தையும் வாட்டையும்தான் விற்கின்றன. வாங்குபவர்களும் அவற்றைத்தான் கேட்கிறார்கள். பொருத்தித் தருவது என்ற வேலைக்கு இங்கே மதிப்பே இல்லாமல் போய்விட்டது. அது மாற வேண்டும்.

பேஸ் ஒலிக்கு ஏன் இடம் இவ்வளவு முக்கியம்? ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை ஏறத்தாழ 28 அடி நீளம். நம் ஹால்களோ பெரும்பாலும் 14, 15 அடி. அவ்வளவு நீண்ட அலை சுவரில் முட்டித் திரும்பி, எதிரே வரும் அலையோடு கலக்கிறது. அறையின் நீளம் அலையின் நீளத்தில் சரிபாதியாக அமைந்துவிட்டால், இரண்டும் சேர்ந்து சுவரோரங்களில் வீங்குகின்றன. நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தொட்டித் தண்ணீரை ஆட்டிவிட்டால் இரண்டு ஓரங்களிலும் ஏறி இறங்க, நடுவில் மட்டம் அசையாமல் நிற்பது போலத்தான் இதுவும். ஹாலின் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அந்த 40 ஹெர்ட்ஸ் காதிலேயே விழாது. பின்சுவரோடு ஒட்டிய சோபாவில் இருப்பவருக்கு அதே ஒலி மார்பில் இடிக்கும். ஒரே வீடு, ஒரே பெட்டி, ஒரே படம்.

நம் ஊர்க் கட்டுமானம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைகள். அவை கொஞ்சம் அதிர்ந்து, பேஸ் ஒலியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். செங்கல் வைத்து சிமென்ட் பூசிய சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் அப்படி எதையும் தின்பதில்லை. வந்ததை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே வீங்கும் இடத்தில் அதிகம் வீங்குகிறது, அழியும் இடத்தில் அதிகம் அழிகிறது. வெளிநாட்டுப் பத்திரிகையில் பாராட்டு வாங்கிய சப்வூஃபர் மதுரையில் ஒரு ஹாலில் வந்து 'கும்'மென்று அடைத்துக்கொண்டு ஒலிப்பதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

14 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். நம்மிடையே சாதாரணமாகக் காணக்கூடிய அளவுதான். நீளவாட்டில் முதல் வீக்கம் 40 ஹெர்ட்ஸில் வருகிறது. அகலவாட்டில் 56. உயரமும் அதே 10 அடி என்பதால் அதுவும் 56-லேயே வந்து விழ, அந்த ஒரு சுருதிக்கு இரட்டை வீக்கம். இனி பேஸ் கிட்டாரைப் பார்ப்போம். அதன் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அடுத்த தந்தி 55. இரண்டும் அந்த ஹாலின் இரண்டு வீக்கங்களிலும் போய்ச் சரியாக உட்கார்ந்துகொள்கின்றன. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டும். இந்த ஹாலில் தவறான மூலையில் வைத்த சப்வூஃபர் வழியாகக் கேட்டால் இரண்டு சுரங்கள் மட்டும் குண்டு குண்டாக வெடிக்கும், மற்றவை எங்கோ பதுங்கிவிடும். அறை தானாகச் சேர்த்த அந்த வெடிப்பைத்தான் பலர் 'நல்ல பேஸ்' என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இசையமைப்பாளர் அதைப் போடவே இல்லை.

மூலையில் வைத்தால் சத்தம் அதிகம் வரும் என்பது உண்மை. தரை, இரண்டு சுவர்கள் என மூன்று பரப்புகளும் ஒலியைக் கூட்டிக் கொடுக்கின்றன. ஆனால் மூலையில் இருக்கும் பெட்டி அறையின் எல்லா வீக்கங்களையும் ஒருசேரக் கிளப்பிவிடும். சத்தம் மட்டுமே குறி என்றால் மூலை சரி. பேஸ் கிட்டாரும் மிருதங்கத்தின் தொப்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் வேறு இடம் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. இன்றைக்கும் அதை மிஞ்சிய எளிய வழி கிடையாது. சப்வூஃபரைத் தூக்கி, வழக்கமாக உட்காரும் இருக்கையின் மேலேயே வைக்க வேண்டும். பேஸ் கிட்டார் மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். பிறகு, பெட்டி வைக்கக்கூடிய சுவரோரங்களில் எல்லாம் தலையைத் தரைக்கு அருகே தாழ்த்தி, தவழ்ந்தபடி கேட்டுக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே அளவில், தெளிவாகக் கேட்கின்றனவோ அந்த இடமே பெட்டிக்கு உரியது. காதும் பெட்டியும் இடம் மாறினாலும் அவற்றுக்கு இடையே அறை செய்யும் வேலை மாறுவதில்லை என்பதால் இந்த முறை பலிக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கால் மணி நேரம் சிரிக்கட்டும்.

இருக்கையையும் கொஞ்சம் நகர்த்த முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், ஹாலின் நட்டநடுவிலும் வேண்டாம். சோபாவைச் சுவரிலிருந்து இரண்டு, மூன்று அடி முன்னே இழுத்தாலே வித்தியாசம் புரியும்.

கையில் இன்னும் பணம் இருந்தால்? பெரிய பெட்டிக்கு மாறுவதைவிட, அதே பணத்தில் நடுத்தரமான இரண்டு பெட்டிகள் வாங்குவது மேல். இது வெறும் அபிப்பிராயம் இல்லை. ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்ட்டி 2002-ல் 'எத்தனை சப்வூஃபர் போதும்' என்ற கேள்வியையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். செவ்வக அறையில் நான்கு சுவர்களின் நடுவிலும் ஒன்று வீதம் வைத்தால், இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுபடுவது வெகுவாகக் குறைகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே ஏறத்தாழ அதே பலன் கிடைத்துவிடுகிறது. நான்குக்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பெரிய லாபமில்லை என்று அவர் கண்டார். அங்கே அவரோடு பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஒலி மறுஉருவாக்கம் பற்றிய தம் நூலில் இதை விரிவாகவே விளக்குகிறார். குடும்பத்தில் நான்கு பேர் சேர்ந்து படம் பார்க்கும் வீட்டுக்கு இது மிகவும் பொருந்தும். ஒருவருக்கு மட்டும் நல்ல இருக்கை கிடைத்து, மற்றவர்களுக்கு இடி மட்டும் கிடைப்பதில் நியாயமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மேலே சொன்னபடி சப்வூஃபரை எந்தச் சுவரோரத்திலும் வைக்கலாம் என்பது, அது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஒலிக்கும்போதுதான். அந்தத் தாழ்வில் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. உள்ளங்கை அளவு குட்டி ஸ்பீக்கர்களோடு வரும் செட்டுகளில் கதையே வேறு. அந்தக் குட்டிகளால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது. ஆகவே சப்வூஃபர் 150 வரைக்கும் ஏறி வந்து பாட வேண்டியிருக்கிறது. ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 85-க்கும் 155-க்கும் இடையில்தான். சோபாவுக்குப் பின்னால் வைத்தால் கதாநாயகனின் குரலில் பாதி முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். இந்த வகை செட் வாங்கியவர்கள் சப்வூஃபரை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் சரி.

சினிமாக்காரர்கள் சப்வூஃபருக்கென்று இருக்கும் தனிப் பேஸ் பாதையை வெடிச் சத்தத்துக்கு மட்டும் உண்டாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கம் என்னவோ வெடியில்தான். 1974-ல் யுனிவர்சல் நிறுவனம் 'எர்த்குவேக்' படத்தை சென்சரவுண்ட் என்ற முறையில் வெளியிட்டபோது, ராட்சத ஸ்பீக்கர்களின் அதிர்வில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிடும் என்று அஞ்சி ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் தலைக்கு மேல் வலை கட்டினார்கள். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' 70 மி.மீ. பிரதிகளில் தாழ்ந்த ஒலிக்கென்றே தனிப் பாதை ஒதுக்கப்பட்டது. 1987-ல், டிஜிட்டல் சினிமாவுக்கு எத்தனை ஒலிப் பாதைகள் தேவை என்று ஒரு குழு விவாதித்தபோது, ஒலிப் பொறியாளர் டாம்லின்சன் ஹோல்மன் '5.1' என்றார். அந்தப் '.1' முழுப் பாதை இல்லை. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சுமக்கும் சிறு பாதை. திரையரங்க ஒலித் தர முத்திரையான டி.எச்.எக்ஸ். என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் அவருடைய பெயரிலிருந்து வந்தவையே. வீட்டு ரிசீவர்களில் இன்று பொதுவழக்காகிவிட்ட 80 ஹெர்ட்ஸ் எல்லைக்கோடும் டி.எச்.எக்ஸ். வகுத்துக் கொடுத்ததுதான்.

தமிழ் சினிமா இந்த வரிசையில் பின்தங்கி நின்றதே இல்லை. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்தது. 2012 டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸில் வெளியானது. ரஹ்மானோடு நெடுங்காலம் பணியாற்றி 2008-ல் மறைந்த ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய படங்களின் ஒலிக்காகத் தேசிய விருது பெற்றவர். அவரைப் போன்றவர்கள் மழையின் அடர்த்தியையும் தூரத்து ஷெல் வீச்சின் கனத்தையும் ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் என்று நிறுத்துப் பார்த்துச் சேர்த்தார்கள். ஹாலுக்கு வந்த பிறகு அந்த உழைப்பு 'தொம் தொம்' என்ற ஒரே சத்தமாகிப் போனால், அது கேட்பவர்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கலைஞர்களுக்கும் செய்யும் அநியாயம்.

வாட் கணக்குக்கு வருவோம். பெட்டியின் முகப்பில் 5,000 வாட், 10,000 வாட் என்று பொன்னெழுத்தில் மின்னும், பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று சிறிதாக இருக்கும். அந்த எழுத்துகளுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. தயாரிப்பவர் விரும்பிய எண்ணைப் போடலாம். பெட்டியைத் திருப்பி, மின்சார வயர் நுழையும் இடத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் உண்மை தெரிந்துவிடும். 60 வாட் மின்சாரம் எடுக்கும் பெட்டி 5,000 வாட் ஒலியைத் தொடர்ந்து தர இயற்கையில் வழியே இல்லை. வாங்கும்போது, தொடர்ந்து தரும் சக்தியைக் காட்டும் ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவில் என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கூத்து நடந்தது. 1974-ல் அந்நாட்டு ஃபெடரல் வர்த்தக ஆணையம் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. விளம்பரத்தில் வாட் எண் போட்டால், அது தொடர்ந்து தரக்கூடிய சக்தியாக இருக்க வேண்டும். எந்தச் சுமையில், எவ்வளவு சிதைவில் அளந்தது என்பதும் தெரிய வேண்டும். 2024-ல் அந்த விதியை மேலும் இறுக்கினார்கள். இந்தியாவில் ஏ.சி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திர முத்திரையைக் கட்டாயமாக்க முடிந்த அரசால், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் பொய் எண் அச்சிடுவதைத் தடுக்க முடியாதா? நுகர்வோர் துறை இதைக் கையில் எடுக்க வேண்டும்.

சிறு பெட்டியிலிருந்து பூமி அதிரும் பேஸ் வரும் என்ற வாக்குறுதிக்கும் இதே கதிதான். கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தை நிறுவிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி இருக்கிறது. சிறிய பெட்டி, மிகத் தாழ்ந்த பேஸ், குறைந்த சக்தியில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரு சேர அடைய முடியும். ஆறு அங்குல சப்வூஃபர் 50, 60 ஹெர்ட்ஸில் ஒரு மேட்டை எழுப்பி, அதையே ஆழம் என்று காட்டுகிறது. நல்ல பத்து அங்குல, பன்னிரண்டு அங்குலப் பெட்டி 25, 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆனால் இடத்தை அடைக்கும், விலையும் ஏறும். வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கட்டும்.

இடம் முடிந்தது; இனி வயர்.

பெரும்பாலான வீடுகளில் டிவியிலிருந்து ஹோம் தியேட்டருக்கு சிவப்பு, வெள்ளை முனையுள்ள ஆக்ஸ் வயர் போகிறது. சிலர் அதுவும் வேண்டாமென்று ப்ளூடூத்தில் இணைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் போவது இடம், வலம் என்ற இரண்டே பாதைகள். படம் 5.1 ஒலியில் இருந்தாலும் டிவி அதை இரண்டாகச் சுருக்கித்தான் அனுப்புகிறது; வந்ததை ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுத்துப் பெட்டி சமாளிக்கிறது. பின்பக்க ஸ்பீக்கரில் மழை பெய்யாது, முன்னால் கேட்ட பாட்டே பின்னாலும் கேட்கும். ப்ளூடூத்தில் கூடுதல் தொல்லையாக ஒலி சற்றுத் தாமதித்து வர, உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும். சந்தையில் '5.1' என்று விற்கும் மலிவு செட்டுகள் பலவற்றில் டால்பியைப் பிரித்தெடுக்கும் சிப்பே கிடையாது. பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளையோ ஆப்டிகல் துளையோ இல்லாவிட்டால், டிவியின் 5.1 ஒலி அந்தப் பெட்டிக்குள் போக வழியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஸ்பீக்கருக்குப் பணம் கொடுத்து இரண்டு பாதைகளைக் கேட்பது சின்ன ஏமாற்றம் இல்லை.

எச்.டி.எம்.ஐ. முறை 2002-ல் வந்தது. படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கொண்டுபோனது அதன் முதல் வசதி. 2009-ல் வந்த 1.4 பதிப்பு ஏ.ஆர்.சி. என்ற எதிர்வழியைச் சேர்த்தது. டிவியின் உள்ளேயே ஓடும் ஓ.டி.டி. செயலிகளின் ஒலி அதே வயரில் திரும்பி ரிசீவருக்கு வரும். 2017-ல் வெளியான 2.1 பதிப்பில் அது இ-ஏ.ஆர்.சி. ஆக விரிந்தது, புளூ-ரே தட்டில் உள்ள சுருக்கிக் கெடுக்காத ஒலியையும் அது சுமக்கும். ஆப்டிகல் வயர் சாதாரண 5.1 வரைக்கும் சரி, அட்மாஸுக்கு உதவாது. ஓ.டி.டி. வழியாக வரும் அட்மாஸுக்குப் பழைய ஏ.ஆர்.சி.யே போதும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. அதற்காக மட்டும் புது டிவி வாங்க வேண்டியதில்லை.

வயரை மாட்டிய பிறகுதான் முக்கியமான இடத்தில் பலர் கைவிடுகிறார்கள். ஏ.ஆர்.சி. டிவியின் எல்லாத் துளைகளிலும் வேலை செய்யாது. அந்த எழுத்து பொறித்த ஒன்றில்தான் வேலை செய்யும். டிவியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்று இருந்தால் பல டிவிகள் இரண்டு பாதை ஒலியைத்தான் அனுப்பும். அதைப் 'பாஸ்த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும். படத்துக்கும் அப்படித்தான். 4கே எச்.டி.ஆர். சாதனத்தை மாட்டினாலும், அந்தத் துளைக்கான உயர்தர சமிக்ஞை அமைப்பு பல டிவிகளில் முதலில் அணைந்தே இருக்கும். மெனுவில் போய்த் திறந்துவிட வேண்டும். ரிசீவர் பழையது, 4கே எச்.டி.ஆரைக் கடத்தாது என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். செட்டாப் பாக்ஸையும் ஸ்டிக்கையும் நேராக டிவியில் மாட்டி, ஒலியை மட்டும் ஏ.ஆர்.சி. வழியாக ரிசீவருக்குத் திருப்பினால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

தங்க முலாம் பூசிய ஐயாயிரம் ரூபாய் வயர் நிறத்தைக் கூட்டும் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் நம்பக் கூடாது. டிஜிட்டல் சமிக்ஞை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுசாக வரும். சேராவிட்டால் புள்ளி தெறிக்கும், திரை இருண்டு இருண்டு மீளும். நடுவில் 'கொஞ்சம் அழகு' என்று ஒன்று கிடையாது. பார்க்க வேண்டியது 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற சான்றுச் சீட்டையும், அதன் மேல் மொபைலில் ஸ்கேன் செய்து சோதிக்கக்கூடிய கியூ.ஆர். குறியையும். ஐந்து மீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருந்தால், அதாவது கூரையில் புரொஜெக்டர் தொங்கும் வீடுகளில், உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வயர்தான் நம்பகம். அதற்குத் திசை உண்டு. எந்த முனை பிளேயருக்கு, எந்த முனை திரைக்கு என்று எழுதியிருக்கும். தலைகீழாக இழுத்துப் பூசிவிட்டால் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

வீடு கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் புதைக்கும் முக்கால் இஞ்ச் பைப்பின் வளைவுகளில் எச்.டி.எம்.ஐ. முனை நுழையாது. டிவி சுவரிலிருந்து ரிசீவர் வைக்கும் இடம் வரை ஒன்றரை இஞ்ச் பைப் ஒன்று, மின்சார பைப்பிலிருந்து விலகி, உள்ளே இழுகயிற்றோடு போட்டு வைத்தால் நாளைக்கு எந்த வயர் வந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். முன்சுவரின் நடுவிலும் பின்சுவரின் நடுவிலும் ஒரு பிளக் பாயின்டும் சப்வூஃபர் வயருக்கு ஒரு பைப்பும் விட்டுவைப்பதும் நல்லது. பூச்சு வேலைக்கு முன்னால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பிறகு செய்தால் டைல்ஸுக்கும் பெயின்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக மாட்டியும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கிறதா? அது பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். கேபிள் டிவி வயர் வழியாக வரும் எர்த்தும் வீட்டு எர்த்தும் வெவ்வேறு அழுத்தத்தில் இருந்தால் சப்வூஃபர் அதைப் பாடிவிடும். கேபிள் வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அதற்கென்று சிறிய ஐசொலேட்டர் கிடைக்கிறது. உறுமலை நிறுத்துவதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடுவது சிலரின் பழக்கம். அது உயிரோடு விளையாடும் வேலை, யாரும் செய்யக் கூடாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சப்வூஃபர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருக்கலாம். பின்புறச் சீட்டைப் பார்க்காமல் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது.

ரிசீவரில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நல்ல ரிசீவர்கள் ஒரு மைக்கோடு வருகின்றன. அதைப் பெட்டியிலேயே தூங்கவிடாமல் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் அளக்கவிட வேண்டும். அதற்கு முன் சப்வூஃபரின் பின்னால் உள்ள சத்தக் குமிழைப் பாதியிலும், கிராஸ்ஓவர் குமிழை உச்சத்திலும் வைப்பது முறை; எல்லையை வகுக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். பிறகு மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும் எல்லையை 80 என்றும் அமைத்தால் அநேகமாக முடிந்தது. 'ஃபேஸ்' என்ற சுவிட்சை 0-விலும் 180-லும் மாற்றிப் பார்த்து, இருக்கையில் பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கம் விட்டுவிடலாம்.

கடைசியாக, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். அலைவரிசை பாதியாகும்போது சுவர் தடுக்கும் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. வசனமும் வயலினும் சுவரோடு நின்றுவிட, பேஸ் மட்டும் கடந்து போகிறது. அடுக்ககத்தில் பக்கத்து வீட்டாருக்குப் படத்தின் கதை கேட்காது. இரவு முழுக்க இடி மட்டும் கேட்கும். ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தனியார் ஒலிச் சாதனங்களின் சத்தம் தம் எல்லையில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆனால் அளக்கும் முறை 'ஏ' எடை டெசிபல். அது 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்தே கணக்கில் எடுக்கும். புகார் கொடுத்து, அதிகாரி வந்து மீட்டரைப் பிடித்தாலும் அந்த இடி எண்ணாக வருவதில்லை. தாழ்ந்த ஒலிக்குத் தனி அளவுமுறை நம் விதிகளில் இல்லாதது பெருங்குறை. அடுக்ககங்கள் பெருகிவிட்ட நகரங்களில் அதை இனியும் தள்ளிப்போட முடியாது.

விதி வரும்வரை வீட்டுக்காரரின் மனசாட்சிதான் காவல். ரப்பர் மெத்தையை அடியில் வைப்பது தரை அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் கீழ்வீடு அமைதியாகிவிடும் என்று எண்ண வேண்டாம், காற்றில் போகும் பேஸ் போய்க்கொண்டுதான் இருக்கும். பத்து மணிக்குப் பிறகு சப்வூஃபரைக் குறைத்து, ரிசீவரின் இரவு முறையைப் போட்டால் வசனம் தெளிவாகவே கேட்கும். இடத்தைச் சரியாகத் தேர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பேஸ் இருக்கைக்கு ஒழுங்காக வந்து சேர்கிற வீட்டில் குமிழைக் கூட்ட வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

அடுத்த முறை ஹோம் தியேட்டர் வாங்கும்போது பணம் கட்டுவதற்கு முன் ஒரு நிபந்தனை போடுங்கள். வீட்டுக்கு வருபவர் சப்வூஃபரை மூன்று இடங்களிலாவது வைத்துக் காட்ட வேண்டும், மைக் வைத்து அளக்க வேண்டும், 5.1 ஒலி உண்மையிலேயே ஐந்து ஸ்பீக்கர்களிலும் தனித்தனியாக வருகிறதா என்று சோதித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குத் தனிக் கூலி கேட்டால் மனமுவந்து கொடுங்கள். செய்ய மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.